கட்டுரையையுமா பாடமாக்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் என் மகளின் கொப்பியில் கடற்கரை பற்றி ஒரு கட்டுரை. ரியூசனில் கொடுத்ததை அப்படியே பாடமாக்கியிருக்கிறாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே வரிகள்தான். கரைவலை இழுப்பதையும் கோணேசர் மலையையும் தினமும் பார்க்கும் பிள்ளை அவற்றில் ஒன்றையும் எழுதவில்லை. கேட்டால், "புள்ளி வெட்டுவாங்க அம்மா" என்கிறாள். மனம் தாங்கவில்லை.

பரீட்சையே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. பரீட்சைக்குப் பேர்போன சிங்கப்பூர்தான் பல நாடுகளின் 15 வயது மாணவர்களின் திறனை ஒப்பிடும் 2022 பீசா (PISA) ஆய்வில் படைப்புச் சிந்தனையிலும் முதலிடம். ஆனால் அங்கே 2019 முதல் மாணவர் அறிக்கையில் வகுப்பில் எத்தனையாம் இடம் என்று போடுவதில்லை. சீனாவும் 2021இல் முதலிரு வகுப்புகளுக்கு எழுத்துப் பரீட்சையை நிறுத்தியது. இங்கே தரம் 3, 4 பிள்ளைகளுக்காவது மாதிரிக் கட்டுரைகள் கொடுப்பதை நிறுத்தும்படி கல்வி அதிகாரிகள் அறிவுறுத்த வேண்டும்.

ஒரு தாய்,
உவர்மலை, திருகோணமலை.