ஏர்ஃபோர்ஸ்காரரின் துண்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம். தம்பி நேற்று சாயங்காலம் பேசினான். "அக்கா, பசிக்குது" என்றான். அதற்கு மேல் எனக்குக் காது கேட்கவில்லை, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். தம்பியும் இன்னொரு அதிகாரியும் போன போர் விமானம் கடலில் விழுந்தது எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் முழுக்கத் தெரியும், திரும்ப விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை. கடலில் விழுந்த இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

முதல் நன்றி எங்கள் தெருக்கோடி ஏர்ஃபோர்ஸ்காரருக்கு. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. டீக்கடையில் அவர் பழைய கதையை ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் நழுவிவிடுவோம், நானும்தான்.

அன்றைக்கு ராத்திரி டிவியில் "தேடுதல் தொடர்கிறது" என்று ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு 2016இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிக் காணாமல்போன ஏ.என்.32 விமானப்படை விமானம்தான் மனதில் நின்றது. உள்ளே 29 பேர். சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன என்று 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். அந்த வீடுகளில் ஏழரை வருஷம் எப்படிப் போயிருக்கும்? இதை வெளியே சொல்லவில்லை. அம்மாவுக்கு வேறு பயம். சீட்டோடு வெளியே வந்துவிட்டார்களாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டதிலிருந்து, "நாற்காலியோட சேத்துக் கட்டியிருப்பாங்களே, அது கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிடுமே" என்று அதையே சொல்லி அழுதுகொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள், ஒரு வார்த்தை வரவில்லை.

பத்து மணி இருக்கும், ஏர்ஃபோர்ஸ்காரர் தன் எக்ஸெல் வண்டியை நிறுத்திவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஒரு மணை குடும்மா" என்றார். மணைமேல் தம்பியின் பழைய பொம்மையை வைத்து, தன் தோளில் கிடந்த துண்டை அதன் முதுகில் கட்டினார். ஆபத்து வந்தால் ஆளோடு விமானத்தை விட்டு வெளியே பாய்கிற அந்த மாதிரி சீட்டுக்கு வெடித்தோட்டா மாற்றுவதுதான் அவருக்கு வேலையாம், எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ராக்கெட் தூக்கி எறியும், அப்புறம் சீட்டு தானாகவே கழன்றுகொள்ளும், பாராசூட் விரியும், கூடவே தொங்குகிற பொட்டலத்தில் ரப்பர் படகு இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். "சீட்டு வேற, ஆள் வேறம்மா. சீட்டு முழுகிடும், நீ பெத்தவன் மெதப்பான்." அம்மா மூன்று தடவை செய்யச் சொன்னார், அவரும் மூன்று தடவையும் மணையைக் கழற்றிக் கீழே போட்டார்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சுத் தூக்கிட்டு வருவாங்க, அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க. அந்த உதைப்புல முதுகெலும்பு அமுங்கியிருக்கலாம், பரிசோதிக்கிற வரைக்கும் உட்கார விடமாட்டாங்க" என்றார். விடியற்காலையில் டிவியில் அப்படியேதான் காட்டினார்கள். அவர் சொல்லியிருக்காவிட்டால் அந்த ஒரு காட்சியிலேயே அம்மாவை இழந்திருப்போம்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹெலிகாப்டரில் போனவர்கள், அலைக்குள் குதித்து இரண்டு பேருக்கும் கொக்கி மாட்டிய அந்த வீரர், மருத்துவர்கள், களி கிண்டி வந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்த பக்கத்து வீட்டு அக்கா, மாங்காய் லோடை அப்படியே மண்டியில் விட்டுவிட்டு ஓடிவந்த மாமா, தொழுகையில் தம்பிக்காகத் துஆ கேட்டவர்கள், மாரியம்மனுக்கு மஞ்சள் துணி முடிந்தவர்கள், அரைகுறை இந்தியிலும் அழுகையிலும் அம்மாவோடு பேசிய அந்த இன்னொரு அதிகாரியின் அம்மா. (எட்டு மணிக்கே தம்பி படத்துக்கு மாலை போட்டுக் குழுவில் அனுப்பினவருக்கு மட்டும் நன்றி கிடையாது.)

இனிமேல் எந்த விபத்துச் செய்தி வந்தாலும் அதைப் பத்துப் பேருக்கு அனுப்ப மாட்டேன், இது தம்பி மேல் சத்தியம். டீக்கடையிலிருந்தும் நழுவ மாட்டேன்.

ஐயா, அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். துண்டு பொம்மையின் முதுகிலேயே இருக்கிறது, அம்மா அவிழ்க்க விடமாட்டேன் என்கிறார். தம்பி வந்து அவன் கையால் அவிழ்த்துக் கொடுப்பானாம், அன்றைக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.