செய்முறைத் தேர்வில் கனிவுக்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நர்சிங் கல்லூரிகளில் விளக்கேற்றும் விழாவன்று மாணவர்கள் எடுக்கும் உறுதிமொழி, வார்டில் செய்யும் வேலையில் தெரிய வேண்டும். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் கனிவுக்கென்று தனி வகுப்பு எடுப்பதைவிட, அன்றாடச் செய்முறைகளோடு சேர்த்துப் பழக்குவதே பலன் தரும். நீலகிரியில் அதற்கான தேவை இன்னும் அதிகம்.

எழ முடியாத நோயாளியைப் படுக்கையிலேயே துடைத்துவிடும் படுக்கைக் குளியலையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் சுமார் 43 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். டிசம்பர் காலையில் விறைத்த கையால் தொட்டால் வெதுவெதுப்பான தண்ணீரே சுடுவதுபோல் இருக்கும். மாணவி பச்சைத்தண்ணீர் விளாவிவிடுவார். படுத்திருக்கும் பெரியவர் நடுங்குவார். தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி, ஒரு கையைத் துடைத்து, ஈரம் ஒற்றிப் போர்த்திய பிறகே அடுத்த கை. தண்ணீர் ஆறியதும் மாற்ற வேண்டும். ஸ்கில் லேபில் (செய்முறைப் பயிற்சிக்கூடத்தில்) உள்ள பொம்மைக்குக் குளிராது என்பதால் அங்கே இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை. ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இப்படித்தான்: சில்லிட்ட விரலில் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்க்காமல் எண்ணை எழுதிவிடக் கூடாது.

கூடலூர், பந்தலூர் பகுதிப் பழங்குடி மக்களிடையே, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் சேர்ந்தால் வளைந்த சிவப்பணுக்கள் சிறு ரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலியைக் கிளப்பும். நோயாளி கத்தவில்லை என்றால் வலி பெரிதில்லை என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். மிகப் பெரிய தவறு இது. வலியின் அளவை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லத் தெரியாதவரிடம் முகப்படங்களைக் காட்டிக் கேட்கலாம். மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் வலிமருந்து கிடைக்க வேண்டும். மருந்து கொடுத்த அரை மணிக்குள் வலி எப்படி என்று மறுபடி கேட்க வேண்டும். ஐஸ் ஒத்தடம் கூடவே கூடாது. ஊசி ஏற்றும் முன் வெந்நீரில் பிழிந்த துணியைக் கையில் சில நிமிடம் சுற்றி வைத்தால் நரம்பு எழும்பும். நாலு இடத்தில் குத்த வேண்டியிருக்காது.

சமூக சுகாதாரப் பயிற்சிக்கு ஹட்டி (படுகர் ஊர்), மந்து (தோடர் குடியிருப்பு), பாடி (பணியர் குடியிருப்பு), லைன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று மாணவர்களை அனுப்பும் முன், “எங்கே நோகிறது?”, “தொடட்டுமா?” போன்ற பத்து வாக்கியங்களையாவது படுக மொழியிலும் பணியர் மொழியிலும் அந்தந்த ஊர்க்காரர்களிடமே கற்கச் செய்யலாம்.

பெயர் சொல்லி அழைத்தாரா, செய்யப்போவதை முன்னரே சொன்னாரா, திரையை இழுத்தாரா, போர்த்தினாரா என்பவற்றுக்குச் செய்முறைத் தேர்வில் தனி மதிப்பெண் தர வேண்டும். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு ஏட்டோடு நிற்காமல், அந்த ஆசிரியர் ரெக்கார்டு நோட்டு திருத்தும் நேரத்தைக் குறைத்துக் கட்டிலருகே நிற்கவும் கல்லூரிகள் வழிசெய்ய வேண்டும்.

– செவிலியர் கல்வி ஆசிரியர்கள், குன்னூர்