அடிபட்டது எத்தனை மணிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் டிரானெக்சாமிக் அமிலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் செவிலியராக முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், இந்த ஊசி மருந்தைக் கணக்கில்லாத முறை கையால் ஏற்றியிருக்கிறேன். கட்டுரையில் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த ரத்தப்போக்கையும் நிறுத்தும் அருமருந்து என்ற எண்ணத்தை அது வாசகர் மனத்தில் விதைத்துவிட்டது. இம்மருந்தைப் பற்றிய ஆய்வுகள் சொல்வது அதுவன்று.

முதலில், இது ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தே அல்ல. காயம்பட்ட இடத்தில் ஃபைப்ரின் என்னும் நார்வலை பின்னி ரத்தம் உறைகிறது. அந்த வலையைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதியையும் உடலே உண்டாக்குகிறது. பெரிய விபத்துகளில் இந்தக் கரைப்பு வேலை அளவு மீறிப் போய்விடும்போது, உறைந்தது கரைந்துவிடாமல் காப்பதுதான் இம்மருந்தின் பணி. ஜப்பானிய மருத்துவத் தம்பதியரான ஷோசுகே ஒகமோட்டோவும் உடாகோ ஒகமோட்டோவும் இதைக் கண்டறிந்து 1962-இல் வெளியிட்டார்கள். மகப்பேற்றுக்குப் பிந்தைய உதிரப்போக்கில் தாய்மாரைக் காக்க வேண்டும் என்பது உடாகோ அம்மையாரின் ஆசை. அது பலிக்கும் என்பதை 20,060 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியபோது அவர் உயிரோடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் மறைந்திருந்தார்.

விபத்துக் காயங்களில் இதன் பயனை உறுதிசெய்தது, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் நடந்து, 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. 20,211 நோயாளிகளில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்றுமருந்து பெற்றோரில் 16 விழுக்காட்டினரும், இம்மருந்து பெற்றோரில் 14.5 விழுக்காட்டினரும் இறந்தார்கள். அதாவது ஆயிரம் பேருக்குப் பதினைந்து உயிர்கள். இந்த எண்ணிக்கை கட்டுரையில் இருந்தது. விடுபட்டது அதன் உட்கூறு. அடிபட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களில் ரத்தப்போக்கால் நேர்ந்த இறப்பு 7.7 விழுக்காட்டிலிருந்து 5.3-ஆகக் குறைந்தது; மூன்று மணி நேரம் கடந்தபின் ஏற்றியவர்களிலோ அது 3.1-இலிருந்து 4.4-ஆக உயர்ந்தது. அதே மருந்து, அதே அளவு. கடிகாரம் மட்டுமே வேறு. பின்னர் 2018-இல், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, தாமதமாகும் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் மருந்தின் பயன் ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைந்துகொண்டே போய், மூன்று மணி நேரத்தில் இல்லாமலே ஆகிவிடுவது தெரிந்தது.

இங்கேதான் நான் வார்டில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறிய மருத்துவமனைகளிலிருந்து எங்களுக்கு அனுப்பப்படும் விபத்து நோயாளிகளோடு வரும் ரெஃபரல் சீட்டில் தேதி இருக்கும், ரத்த அழுத்தம் இருக்கும், போட்ட ஊசிகளின் பெயர்களும் இருக்கும். அடிபட்ட நேரமோ, ஊசி போட்ட நேரமோ பெரும்பாலும் இருக்காது. காவல் நிலையத்துக்குப் போகும் ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகலில் மட்டும், நீதிமன்றத்தில் கேள்வி வரும் என்பதால், விபத்து நடந்த நேரமும் இடமும் தவறாமல் எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை ஓர் இளைஞரின் மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் மேல், யாரோ ஒரு செவிலியர் பால்பாயின்ட் பேனாவால் ஊசி போட்ட நேரத்தைக் குறித்து அனுப்பியிருந்தார். பணி மருத்துவர் சீட்டைப் புரட்டுவதை விட்டுவிட்டு அந்தப் பிளாஸ்திரியைத்தான் குனிந்து படித்தார்.

தலைக்காயத்தில் கணக்கு இன்னும் நுட்பமானது. 2019-இல் வந்த கிராஷ்-3 ஆய்வில், மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்ற லேசான, மிதமான காயமுள்ளவர்களில் தலைக்காயத்தால் நேர்ந்த இறப்பு 7.5 விழுக்காட்டிலிருந்து 5.8-ஆகக் குறைந்தது, கடுமையான காயமுள்ளவர்களிடம் அப்படியொரு தெளிவான பயன் காணப்படவில்லை. விபத்தே இல்லாமல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வரும் பக்கவாதத்தில், 2018-இல் வெளியான டிச்-2 ஆய்வின்படி, மூன்று மாதம் கழித்து நோயாளியின் செயல்திறனில் வேறுபாடு இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் கடுமையான விபத்துக் காயமுள்ளவர்களுக்கு ஆம்புலன்சிலேயே மருந்தை ஏற்றிப் பார்த்த 2023-ஆம் ஆண்டு ஆய்வு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது: 28 நாள்களில் இறப்பு 21.8-க்குப் பதில் 17.3 விழுக்காடு, ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய 54 விழுக்காடுதான். பிழைத்த கூடுதல் பேரில் பலர் கடுமையான ஊனத்தோடு இருக்கிறார்கள் என்பதையும் குடும்பங்களுக்குச் சொல்லத்தானே வேண்டும்?

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து வாந்தியாக வருவோருக்கு இம்மருந்து உதவவில்லை என்பதை 12,009 நோயாளிகளிடம் நடந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிவிட்டது. சிரைகளில் ரத்தக்கட்டி உண்டாவதும் அவர்களிடம் சற்று கூடியிருந்தது. இதயம் தவிர்த்த பிற பெரிய அறுவைகளில் இம்மருந்தால் ஆபத்தான ரத்தப்போக்கு 11.7-இலிருந்து 9.1 விழுக்காடாகக் குறைந்தது 2022-இல் தெரியவந்தது.

பல் பிடுங்கும் நாற்காலியிலும் இதற்கு இடமுண்டு. இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் என் அண்ணன், பல் எடுக்கவேண்டி வந்தபோது மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடப் பார்த்தார். பல் மருத்துவர் அதை அனுமதிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தபின் பல்லை எடுத்து, டிரானெக்சாமிக் அமிலத்தின் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் பத்து மில்லி தண்ணீரில் கலந்து, அதில் நனைத்த பஞ்சுத்துணியைக் கடித்துக்கொள்ளச் செய்தார், ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் வார்ஃபரினுக்குப் பதிலாக இப்போது பரவலாகிவரும் புதிய ரத்த இளக்கி மாத்திரைகளைச் சாப்பிடுவோரிடம், இதே மருந்தாலான வாய்க்கொப்புளிப்பு நீர் ஒட்டுமொத்தத்தில் ரத்தக்கசிவைக் குறைக்கவில்லை என்று பெல்ஜியத்தில் நடந்த ஆய்வு 2021-இல் தெரிவித்தது.

ஆகவே, இத்தகைய ஆய்வுகளைத் தாங்கள் வெளியிடும்போது மருந்தின் பெயரோடு, உடலின் எந்த இடத்து ரத்தப்போக்கு, எத்தனை மணி நேரத்துக்குள், நூற்றில் எத்தனை பேருக்குப் பயன் என்பவற்றையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். டிரானெக்சாமிக் அமில மாத்திரை மாதவிடாய் மிகுபோக்குக்காகப் பல வீடுகளில் இருக்கிறது என்பதையும், மூக்கில் ரத்தம் வந்தாலும் அதையே எடுத்துக் கொடுக்கும் உறவினர்கள் உண்டு என்பதையும் தாங்கள் அறியாதவர் அல்லர்.

வாசகர்களுக்கும் ஒன்று. சாலையில் விபத்தைப் பார்த்து 108-ஐ அழைப்பவரின் கைப்பேசியில் அந்த அழைப்பின் நேரம் தானாகவே பதிவாகியிருக்கும். ஆம்புலன்சில் வரும் மருத்துவ உதவியாளரிடம் அதைக் காட்டி, அடிபட்டவரின் சீட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல்.