பாடத் தெரியாதவர் பாடிய படம்

அன்பு அம்முவுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. பெரிய படம் பாதியில் நின்றுவிட்டது, கல்யாண வீடியோ எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றாய். அப்புறம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’யை மறுபடியும் பார்த்தேன். 1933-இல் வந்த கௌபாய் படம். ஒரு மணி நேரம்கூட ஓடாது.

ஜான் வெய்ன்தான் நாயகன். 1930-இல், 23 வயதில், ‘தி பிக் டிரெய்ல்’ என்ற பிரம்மாண்டமான படம் அவருக்குக் கிடைத்தது. 70 மில்லிமீட்டரில் எடுத்தார்கள். அதைத் திரையிடும் வசதி மிகச் சில தியேட்டர்களில்தான் இருந்தது. பொருளாதார மந்தம் வேறு. படம் விழுந்தது. அப்புறம் வருஷக்கணக்காக இந்த மாதிரிச் சின்னப் படங்கள்தான். ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’யில் தொடங்கிய ‘லோன் ஸ்டார்’ பட வரிசையில் மட்டும் 1935 வரை 16 படங்கள்.

இதில் அவர் பாடிக்கொண்டே துப்பாக்கிச் சண்டைக்கு நடந்து வருவார். பாட்டு இரவல் குரல். உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஊருக்கான தண்ணீரை ஒருவன் மடக்கி வைத்துக்கொண்டு விவசாயிகளை மிரட்டுகிற கதை. எழுந்து வந்த அம்மா, நம்மூர் முறைத்தண்ணீர்ச் சண்டையைச் சொல்லிக்கொண்டே முழுசாகப் பார்த்தாள்.

நான் சொல்ல வந்தது வேறு. யாக்கிமா கனூட் என்று ஒருவர். ரோடியோ வீரர், அதாவது முரட்டுக் குதிரையை அடக்கி ஓட்டும் போட்டிக்காரர். இந்தப் படங்களில் குதிரையிலிருந்து விழுகிற சாகசமெல்லாம் அவர்தான். அப்போதெல்லாம் சண்டைக் காட்சியில் தோளில்தான் குத்துவார்களாம். இந்தச் சின்னப் படங்களில் வெய்னும் கனூட்டும் வேறு வழி பழகினார்கள். கேமரா ஒருவரின் தோளுக்குப் பின்னால். முஷ்டி முகத்தில் படாமல் காற்றில் போகும். அடி வாங்குகிறவர் அதே நொடியில் தலையைச் சட்டென்று திருப்ப வேண்டும். திரையில் நிஜமாக விழுந்த அடி மாதிரியே இருக்கும். கனூட்டின் நடையையும் இழுத்துப் பேசுவதையும்கூட வெய்ன் அங்கேதான் பிடித்துக்கொண்டார். 1939-இல் ‘ஸ்டேஜ்கோச்’ படம் வந்து வெய்ன் பெரிய நட்சத்திரமானபோது உலகம் பார்த்தது அந்த நடையைத்தான். ‘தி பிக் டிரெய்ல்’ விழுந்ததற்கும் அதற்கும் நடுவில் ஒன்பது வருஷம், அம்மு.

கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தை நீ எப்படி வெட்டியிருக்கிறாய்? ஒரு வீடியோ அனுப்பு, நானும் அம்மாவும் பார்க்கிறோம். முறுக்கு சுற்றி வைத்திருக்கிறாள், நாளைக்கு பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா