ஸ்விட்சை அணைத்தால் உங்கள் ஆல்டர்னேட்டர் நிற்குமா, நிற்காதா?

சொந்தமாக விமானம் கட்டுவோருக்கு, எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

மின்னழுத்தம் எகிறி ரேடியோவும் திரைகளும் கருகிய விமானங்களிலிருந்து கழற்றி அனுப்பிய ஆல்டர்னேட்டர்களுக்கு உங்களிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: "பறக்கும்போது ஆல்டர்னேட்டர் ஸ்விட்சை அணைத்திருக்கிறீர்கள். உத்தரவாதம் செல்லாது." அந்தப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது.

ஸ்விட்சை ஏன் அணைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் கார் ரக ஆல்டர்னேட்டரில், பேனல் ஸ்விட்சிலிருந்து வரும் வயர் ரெகுலேட்டருக்கு ஓடு, நில் என்று சொல்லும் சைகை மட்டுமே. உள்ளே சுழலும் காந்தச் சுருளான ரோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை ரெகுலேட்டர் உள்ளுக்குள்ளேயே, ஆல்டர்னேட்டரின் மின்சாரம் வெளியேறும் பி முனையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 14.2 வோல்ட்டில் நிற்க வேண்டியது 16, 17 என்று ஏறும். விமானி ஸ்விட்சைக் கீழே தள்ளுகிறார், எண் இறங்கவில்லை. மேலே தள்ளி மறுபடி கீழே தள்ளுகிறார்; இன்னும் ஏறுகிறது. பேட்டரியை இணைக்கும் மாஸ்டர் ஸ்விட்சையும் அணைத்தால் பேட்டரிதான் விலகும். வழக்கமான வயரிங்கில் ஆல்டர்னேட்டர், கருவிகளுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துத் தரும் பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்த பேட்டரியும் இல்லாமல் நிலைமை இன்னும் மோசமாகும். எஞ்சின் மின்னணு இக்னிஷனில் ஓடினால் அதுவும் கருகி எஞ்சினே நின்றுபோகலாம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

தரையில் சோதித்துப் பார்க்கலாமே என்பீர்கள். நல்ல நிலையில் இருக்கும் ரெகுலேட்டர் தரையில் ஒழுங்காக அணையும். கெட்ட பிறகு அணையுமா என்பதை அந்தச் சோதனை காட்டாது.

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தாள் வையுங்கள். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் எது, அது பழுதானால் வெளியிலிருந்து ஃபீல்டை, அதாவது ரோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை, துண்டிக்க வழி உண்டா, இல்லையா என்று அதில் எழுதுங்கள்.

வழி இல்லையென்றால் கட்டுபவர் பி முனையிலிருந்து வரும் வயரில் கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் பெரிய ஸ்விட்ச்) வைப்பார். சுமையோடு அதைத் திறந்தால் ரோட்டாரின் காந்தப்புலம் உடனே சரியாது. ரோட்டாரைச் சுற்றியுள்ள ஸ்டேட்டார் சுருளில் உண்டாகும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் பல பத்து வோல்ட்டுக்குத் தாவி, நல்ல டயோடுகளையும் கொன்றுவிடும். அதற்கும் உத்தரவாதம் இல்லை என்கிறீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, ரோட்டாருக்கு மின்சாரம் தரும் பிரஷ் முனையை வெளியே கொண்டுவந்து, வெளி ரெகுலேட்டரும், அழுத்தம் 16.2 வோல்ட்டைத் தொட்டால் 5 ஆம்ப் பிரேக்கரைத் தட்டிவிட்டு ஃபீல்டைத் துண்டிக்கும் குரோபார் மாட்யூலும் போட்டால் பிரச்சினையே தீரும். ஆனால் ஆல்டர்னேட்டரைத் திறந்ததற்காக உத்தரவாதம் போய்விடும்! பாதுகாப்பாகப் பறக்க இருக்கும் எல்லா வழியையும் அடைத்துவிட்டு, விமானியைக் குற்றம் சொல்வது எந்த வகையில் நியாயம்?

உறையில் அச்சிட்ட "60 ஆம்ப்" என்பதும் அப்படித்தான். லைகாமிங் விமான எஞ்சினின் 9¾ அங்குல ரிங் கியர் புல்லியில் பெல்ட் மாட்டி, உங்கள் 2¾ அங்குல புல்லியைச் சுற்றினால், எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 8,800 சுற்றைத் தாண்டுகிறது. மணிக்கணக்காக, எஞ்சினை மூடிய சூடான கௌலிங்குக்குள். அந்தச் சூட்டில் எத்தனை ஆம்ப் வரும்? அதைக் காட்டும் ஒரு வரைபடம்கூடப் பெட்டியில் இல்லை. பின்புறம் குளிர்காற்றுக் குழாய் வைக்க வேண்டும் என்ற ஒரு வரியும் இல்லை. கார் பாகத்துக்கு "ஏவியேஷன்" என்று ஒட்டி விலையை ஏற்ற முடிகிறது. ஒரு தாள் அச்சடிக்க மட்டும் முடியவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல் (சோதனை வகை) சான்றில் பறக்கும், சொந்தமாகக் கட்டிய இந்த விமானங்களுக்கு, சான்றளிக்கப்பட்ட பாகத்தைத்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதைப் போடுவது என்று கட்டுபவரே முடிவெடுக்கிறார். அந்த முடிவுக்கு வேண்டிய விவரம் உங்கள் கையில் இருக்கிறது.

அந்தத் தாளை இனி விற்கும் ஒவ்வொன்றோடும் வைக்கவும், இதுவரை விற்றவற்றுக்குத் தொடர் எண் வாரியாக வெளியிடவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஆல்டர்னேட்டரை நம்பிப் பறப்போர்