வலது கால் எங்கே விழுகிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் "ம்", "சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

வட்டு எறிதலில் நீ 51.40 மீட்டர் என்று உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மளிகைக்கடைக்காரர்கூட "பாப்பா அம்பதைத் தாண்டிருச்சாமே சார்" என்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் பொங்கலுக்கு வந்தபோது நம் பள்ளி மைதானத்தில் 46-ஐத் தாண்டத் திணறினாய். அதே ஒரு கிலோ வட்டுதானே? எப்படி என்றால் "நல்லா போச்சுப்பா" என்கிறாய். பி.டி. வாத்தியாரிடம் சொல்கிற பதிலா கண்ணு இது?

அன்றைக்கு எதிர்க்காற்றா? வட்டுக்கு அது வரம், கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். இல்லை, கால் சரியாகிவிட்டதா? இடது காலில் திரும்பும்போதே தோளை முன்னால் வீசிவிடுவது உன் பழைய வியாதி. வலது கால் எறிகிற வட்டத்தின் நடுவில், முன்பாதத்தில் விழவேண்டும். விழுந்த பிறகும் திரும்பிக்கொண்டே இருக்கவேண்டும். குதிகால் பட்டால் இடுப்பு அங்கேயே நின்றுவிடும், மிச்சத்தைக் கையால்தான் இழுக்கவேண்டும். இடது கால் முன்விளிம்புப் பக்கம் சட்டென்று ஊன்றும்வரை கை பின்னாலேயே கிடக்கட்டும். வலது கால், முன்பாதம். திரும்பவும் அதையே சொல்கிறேன் என்று முகம் சுளிக்காதே.

வட்டு கடைசியாக ஆள்காட்டி விரலை விட்டுத்தான் கிளம்பவேண்டும். அந்த விரல் நுனியில் தோல் தடித்திருக்கிறதா பார். கால் சரியாகி, வட்டு தள்ளாடாமல் போயிருந்தால் அஞ்சு மீட்டர் ஏறியதை நான் நம்புவேன்.

ஃபோட்டோவில் தோள் அகலமாகத் தெரிகிறது. தீபாவளி சுடிதார் இனிமேல் பத்தாது என்கிறாள் அம்மா. நல்லா சாப்பிடுகிறாய் போல, சந்தோஷம். ஜன்னலில் கறுப்பு டப்பா இரண்டு இருந்ததே, அதில் சர்க்கரை எவ்வளவு என்று அம்மா கேட்கிறாள். லேபிள் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு. அம்மாவுக்குத்தான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு கமல்ப்ரீத் கௌர் வட்டை 63.70 எறிந்து ஆறாவது வந்த அன்று, மழையில் வட்டம் வழுக்குகிறதே என்று நீ டிவியைப் பார்த்துக் கத்தினாய். அடுத்த வருஷம் அவளுக்குத் தடை விழுந்த செய்தியையும் நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். ஏன் என்று இங்கே எழுத வேண்டாம். சளிக்கு மாத்திரை வாங்கினால்கூட, நான் விளையாட்டுக்காரி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்கு. ரூமில் யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிப் பழகு. சீனியர் அக்கா கொடுத்தாலும்தான்.

அத்தை வீட்டு விசேஷம் பற்றி அப்புறம் எழுதுகிறேன். லீவுக்கு வா. 46-லேயே நின்றாலும் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் வண்டி எடுத்துக்கொண்டு வருவேன்.

வீடியோவை வலைக்குப் பின்னாலிருந்து எடுக்கச் சொல். போன தடவை அனுப்பியதில் இடுப்புக்கு மேலேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டும் வரட்டும், கால் ஒன்று, டப்பா ஒன்று.

இப்படிக்கு,
அப்பா