தின்ற உப்புக்கு மட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். எட்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில்தான் வரக் காணோம். அதனால் பழைய வழக்கப்படி தாளில் எழுதி, உன் ரூமில் இருக்கும் பையன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனைத் திட்டாதே. ஞாயிற்றுக்கிழமை வந்தவன், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலிலேயே அஞ்சு நிமிஷம் நின்றான். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அம்மா அப்போது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உன் கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள், லீவு கிடையாது என்ற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

ஸ்டாக்கில் ரூ. 73,000 சொச்சம் உதைக்கிறதாம். மூன்று போன், கொஞ்சம் பவர் பேங்க், சில ஹெட்போன். உன்னையும் உன் கவுன்ட்டரில் நிற்கும் அந்தப் பெண்ணையும் சஸ்பெண்ட் பண்ணியிருக்கிறார்கள். "ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துடு, இங்கேயே முடிச்சுக்கலாம். இல்லேன்னா ஸ்டேஷன்தான்" என்று ஹெச்.ஆர். சொல்கிறாராம். வெள்ளிக்கிழமை வரை டைம். என் காதுக்கு வந்தது இவ்வளவுதான். சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இப்போது நான் கேட்கப்போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. போன பொங்கலுக்கு உன் தங்கைக்கு ஒரு ஹெட்போன் கொண்டுவந்து கொடுத்தாய். பெட்டி இல்லை, பில் இல்லை. "டிஸ்ப்ளே பீஸ்ப்பா, ஸ்டாஃபுக்குக் கம்மி விலைக்குக் கொடுத்தாங்க" என்றாய். முப்பது வருஷம் ஆண்டர்சன் தெருவில் பேப்பர் மண்டியில் கணக்கு எழுதியவன் நான். சரக்கு வெளியே போனால் ஏதாவது ஒரு துண்டுச் சீட்டாவது கூடப் போகும். அன்றைக்கே கேட்டிருக்கலாம். பொங்கலும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

நேற்று ராத்திரி உன் தங்கையிடம் அதைக் கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. காதிலிருந்து எடுத்து, ஒயரைச் சுருட்டி, என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேட்காததுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

இனி உனக்குத் தெரியாத ஒரு கதை. உன் அம்மாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

1994-இல் நானும் கல்லாவில் கை வைத்தேன். ஆயிரத்து இருநூறு ரூபாய். பாட்டி ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது இல்லை. ஏலச்சீட்டில் இரண்டு தவணை பாக்கி நின்றது. அதைக் கட்டாவிட்டால் சீட்டு எடுக்க முடியாது என்றார்கள். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று எடுத்தேன். கல்லாவில் கை வைக்கிற எல்லோரும் முதலில் கடனாகத்தான் எடுக்கிறோம், தம்பி. திருடுவதாக யாரும் நினைப்பதே இல்லை.

அந்த மாதம் பார்த்து முதலாளி ரொக்கத்தை எண்ணினார். குறைந்தது. என் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பண்டல் கட்டுகிற பையனைப் பிடித்துக்கொண்டார்கள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், பதினாறு வயசு இருக்கும். டிரவுசர் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டு, கடை வாசலில் போகிற வருகிறவர்கள் பார்க்க நிற்க வைத்தார்கள். பாக்கெட்டில் இருந்தது ஒரு சணல் பந்து. அது கீழே உருண்டு படிக்கட்டில் போய் நின்றது. அவன் குனிந்து எடுக்கப் பயந்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியை எத்தனை தரம் கூட்டினேன் என்று எனக்கே தெரியாது. சாயந்திரம் கடை அடைக்கிற நேரத்தில் போய்ச் சொன்னேன்.

சொன்னதற்கு இன்று வரை வருத்தமில்லை. அதற்கு அடுத்து நடந்ததற்குத்தான்.

முதலாளி கத்தவில்லை. உட்காரச் சொன்னார். காலையில் நானே உடைத்த ரீமிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்து, "எழுது, நான் சொல்றேன்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆயிரத்து இருநூறில் ஆரம்பித்தது. அப்புறம் போன மழைக்குக் குடோனில் நனைந்து வீணான மேப்லித்தோ பேப்பர் பண்டல் வந்தது. அப்புறம் ஒரு பிரஸ்காரர் கொடுக்காமல் ஓடிப்போன பாக்கி. அப்புறம் மூன்று வருஷத்தில் எதெது உதைத்ததோ அத்தனையும். கடைசியில் தொகை ரூ. 11,400. ரெவின்யூ ஸ்டாம்பை அவரே நாக்கில் தடவி ஒட்டினார். அதன்மேல் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரிக்குக்கூட "இது நான் இல்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு தப்புச் செய்தவனுக்கு மற்றதை மறுக்கும் வாயும் போய்விடும். அது உன் முதலாளிக்கும் தெரியும், ஹெச்.ஆருக்கும் தெரியும்.

மாதம் 250 பிடித்தார்கள். நாற்பத்தாறு மாதம். கடைசி மாதம் மட்டும் 150. நீ பிறந்த வருஷம்தான் அது தீர்ந்தது. எடுத்த 1,200 ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும். மீதி நாற்பத்தொரு மாதமும் மழைக்கும் ஓடிப்போன பிரஸ்காரருக்கும் கட்டினேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் நீ தின்ற உப்புக்கு மட்டும் குடி. கடையில் உள்ள மூட்டைக்கெல்லாம் நீ குடிக்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை மெட்ரோவில் ஹைகோர்ட் போய் வந்தேன். உன் அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள். அந்த வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வக்கீல் ஃபீஸ் இல்லாமல் வைத்துக் கொடுக்கிறார்கள். இத்தனை வருஷம் அந்தத் தெருவில் குப்பை கொட்டியும் எனக்கு இது தெரியாது. 15100 என்று ஒரு போன் நம்பரும் உண்டு.

சின்ன வயசு வக்கீல் அம்மா ஒருவர் பொறுமையாகக் கேட்டார். முதலில் சொன்னது, "எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்னு பையன்கிட்ட சொல்லுங்க சார்." போலீஸ்காரரிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாதாம். 1872 சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் 23. நீ சொன்னதை வைத்துப் பொருளைக் கண்டுபிடித்தால் அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற தாள் வேறு கதை. அது விசாரணையிலும் வரும், கோர்ட்டுக்கும் வரும். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கினார்கள் என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் தள்ளிவிடலாம். ஆனால் மூடின ரூமுக்குள் நடந்ததற்கு யார் சாட்சி? "இங்கேயே முடிச்சுக்கலாம்" என்பதை யாராவது எழுத்தில் தந்திருக்கிறார்களா என்று கேட்டார். இருக்காது என்று எனக்கே தெரியும்.

இன்னொன்றும் சொன்னார். ஐயாயிரத்துக்குக் கீழே, முதல் தடவை, பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையோடு விடலாம் என்று புதுத் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறதாம். நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், "அது சாதாரணத் திருட்டுக்கு. வேலை செய்யற இடத்துல எடுத்தா 306-ஆவது பிரிவு, ஏழு வருஷம் வரைக்கும் போடலாம்" என்றார். பயமுறுத்த எழுதவில்லை. 73,000-க்குக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீ தெரிந்துகொள்ளத்தான்.

பிறகு அந்தம்மா, "பொருள் ஏதாவது வீட்ல இருக்கா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. "பையனைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் யோசித்தேன். உன் கவுன்ட்டர்ப் பெண். வக்கீல் சொல்வது உன் ஒருத்தனுக்குச் சரி. வாயைத் திறக்காதே, அவர்கள் நிரூபிக்கட்டும். உன் ஒருத்தன் தலையில் மட்டும் இது இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், நியாயஸ்தன் வேஷம் போடமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அப்பாவும் இந்நேரம் அவள் காதுத் தோட்டையும் கைப்பையையும் ஒருமாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். நீ எடுத்தது அவள் கணக்கிலும் ஏறி நிற்கிறது.

அதனால் என் யோசனை இது. எடுத்திருந்தால், எடுத்ததைச் சொல். ஒன்று என்றால் ஒன்று, மூன்று என்றால் மூன்று. என்னிடம் கூச்சப்பட்டு ஒன்று என்று சொல்லிவிட்டு மீதியை விழுங்காதே. ஆனால் ஹெச்.ஆர். ரூமில் அவர் சொல்லச் சொல்ல எழுதாதே. முதலில் வக்கீலிடம் வா. அந்தம்மா வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்போம், இந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்லுவோம். எழுதுவது என்று முடிவானால் அவர் எதிரிலேயே எழுதுவோம். எந்தத் தேதி, எந்தப் பொருள், என்ன விலை, நான் மட்டும் எடுத்தேன், வேறு யாருக்கும் தெரியாது. அதோடு நிறுத்து. "மற்ற குறைவுகள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டாக் லிஸ்ட்டின் நகலும் சிசிடிவி பதிவும் தரவும்" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே. தேதி போடாத எதிலும் போடாதே. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீல் வைத்து வாங்கிக்கொள். கணக்குப்பிள்ளை புத்தி என்று சிரிப்பாய், சிரித்துக்கொள்.

வேலை போகும். அதைச் சுற்றி வளைக்க வேண்டாம். கேஸ் வந்தாலும் வரும், அதையும் மறைக்கவில்லை. சஸ்பெண்டில் இருக்கும்வரை பாதிச் சம்பளம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981 முதல் சட்டம் இருக்கிறது. தொண்ணூறு நாள் தாண்டினால் முக்கால், நூற்றெண்பது தாண்டினால் முழுசு. கேட்காமல் விடாதே. ரூம் வாடகையை நான் அனுப்புகிறேன்.

ஒருவேளை நீ எதுவுமே எடுக்கவில்லையா? அந்த ஹெட்போனுக்குக் காசு கட்டிய ரசீது எங்காவது இருக்கிறதா? இருந்தால் தேடி எடுத்து வா. இந்தக் கடுதாசியை உன் கண் முன்னால் நானே கிழித்துப் போட்டுவிட்டு, உன் தங்கை எதிரில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு அதுதான் வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா?

அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன். அழுவாள், ரெண்டு நாள் பேசமாட்டாள். 1994-இல் என்னிடம் நாலு நாள் பேசவில்லை, அஞ்சாம் நாள் தன் சங்கிலியைக் கழற்றி அடகு வைக்கக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஹைகோர்ட் மெட்ரோ வாசலில் நிற்பேன். பாரிமுனைக்கு வரும் பஸ்ஸில் ஏறிவிடு, சீக்கிரம் கிளம்பு, அந்த நேரத்தில் டிராஃபிக் இருக்கும். மெமோ, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எடுத்துக்கொள். சாப்பிட்டுவிட்டு வா. அங்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது.

ஹெட்போனை உன் தங்கையின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு, என் பையில் வைத்திருக்கிறேன். வக்கீல் மேஜையில் அதை நீ எடுத்து வை.

அப்பா
பழைய வண்ணாரப்பேட்டை
புதன், இரவு